சீசாவில் அடைத்த புதுசு

1945 ஜூன் 11

காலையிலிருந்து கடைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் ரோஜா கேட்டார்கள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மட்டும் மல்லிகை கேட்டார். புரட்சிக்காரர்!

மல்லிகை வேண்டுமானால் கடைத்தெருவில் முழம் போட்டு விற்கிறார்கள். வாங்கி வீட்டுக்காரி தலையில் வைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே? கேட்டேவிட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நிக்குமாய்யா?" என்றார். இந்த ஊருக்குத் தெரிந்த ஒரே கேள்வி அதுதான். நன்றாக இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. எத்தனை நேரம் நிற்கும்? வாசனை என்ன மெட்ராஸ் ரயிலா, நம் ஊரில் நிற்குமா நிற்காதா என்று விசாரிக்க?

குமாஸ்தா ஒன்றும் வாங்காமல் போய்விட்டார். உள்ளே இருந்து சுலோச்சனா சொன்னாள்: "வர்றவங்கள இப்டியே வெரட்டிகினு இருங்க. நம்ம அடுப்புல பூனைதான் தூங்கும்." என் மனைவிக்கு என்னைவிட நல்ல மூக்கு. அதைவிட நல்ல நாக்கு.

அடுப்பில் வாலைப் பானை வைத்துப் பன்னீர் காய்ச்சி வடிக்கிறேன். அத்தர் கலக்கிறேன். ஜவ்வாது விற்கிறேன். ராஜவேலு சென்ட் கடை என்றால் திருத்தணியில் தெரியாதவர் இல்லை. ஆனால் நான் செய்த எதையாவது முகர்ந்துவிட்டு, "இது இன்னாது?" என்று ஒரு ஜீவனாவது கேட்டதுண்டா? "அப்டியே ரோஜா" என்கிறார்கள். அப்படியே! ரோஜாச் செடிக்குச் சொல்லவேண்டிய பாராட்டை எனக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஜூன் 12

ரோஜா. ரோஜா. ஒரு தாழம்பூ. ரோஜா.

ஜூன் 19

கண்டுபிடித்துவிட்டேன்! முதலிலிருந்து எழுதுகிறேன்.

யுத்தம் வந்த பிறகு துணிக்குப் பஞ்சம். கையில் கூப்பன் இருக்கிறது, கடையில் துணி இல்லை. கங்காதரன் ஜவுளிக் கடைக்கு மெட்ராஸிலிருந்து ஒரு மூட்டை வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, சுலோச்சனா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தெருவையே அடைத்துக்கொண்டு கூட்டம். மூட்டை எல்லாம் இல்லை. கங்காதரன் ஒரே ஒரு புடவையை எடுத்துக் காட்டினான். மில் புடவை, மாம்பழக் கலர்.

அது கூட்டத்தில் கை மாறிக் கை மாறிப் போயிற்று. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருத்தியாவது முந்தானையைப் பிரித்துப் பார்க்கவேண்டுமே! விலை கேட்கவேண்டுமே! இல்லை. கையில் வாங்கினவர்கள் எல்லாரும் முதலில் மூக்குக்குக் கொண்டுபோனார்கள். கண்ணை மூடி ஓர் இழுப்பு. பிறகுதான் அடுத்தவளுக்கு. எங்களுக்குக் கிடைக்காது என்று தெரிந்தும் சுலோச்சனா முகர்ந்தாள். நான் முகரக் கொடுக்கும் ரோஜாவுக்கு அவள் முகம் ஒரு நாளும் அப்படி ஆனதில்லை.

அந்த வாசனையில் எந்தப் பூ இருக்கிறது? ஒரு பூவும் இல்லை! பூ இல்லாமலே ஊர் கிறங்குகிறது!

புதுத்துணி வாசனை. அதை நான் வடிக்கப்போகிறேன்.

ஜூன் 20

பூ வாசனை கடவுள் செய்தது. அதை நான் திரும்பச் செய்தால் கூலிக்காரன். மனுஷன் உண்டாக்கிய வாசனைகள் எத்தனை இருக்கின்றன! வெள்ளையடித்த சுவர். முதல் தடவை தண்ணீர் ஊற்றிய புதுப்பானை. அன்றைக்குத்தான் பிரித்த பாய். இவற்றுக்கு ஏன் சீசா இல்லை? எந்தச் சாஸ்திரம் தடுத்தது? மூக்குக்கும் புது விஷயம் வேண்டாமா? காதுக்கு ரேடியோ வந்தாயிற்று, கண்ணுக்குப் பேசும் படம் வந்தாயிற்று. மூக்கு மட்டும் இன்னும் ராஜா காலத்து ரோஜாவையே முகர்ந்துகொண்டிருக்கவேண்டுமா?

இதையெல்லாம் பக்கத்து வளையல் கடை பஞ்சாட்சரத்திடம் சொன்னேன். அவன் நிதானமாக, "வெயில்ல அலையாத, மோர் குடி" என்றான்.

ஜூலை 2

ஆர்.கே.பேட்டைக்குப் போய் நெசவாளர் வீட்டில் கஞ்சி போட்ட பாவு நூல் அறுந்தது, துண்டானது எல்லாம் ஒரு பை நிறைய வாங்கிவந்தேன். தலையணைக்கா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். எதற்கு வம்பு?

நூலை வாலையில் போட்டு, வெட்டிவேர் கொஞ்சம், துளி கற்பூரம் சேர்த்து வடித்தேன். சந்தன எண்ணெயில் கலந்தால் துணியில் கறை விழும். அதனால் பன்னீர் மாதிரித் தண்ணீராகவே வடித்து, பன்னீர்ச் செம்பில் ஊற்றித் தெளிக்கும்படி செய்தேன்.

பஞ்சாட்சரத்தின் மேல்துண்டில் தெளித்தேன். அவன் கண்ணை மூடினான். வெகுநேரம் மூடியே இருந்தான். கடைசியில் சொன்னான்: "ஊறுகா இருந்தா நல்லாருக்கும்பா."

கஞ்சி! அரிசிக் கஞ்சி வாசனை தூக்கிவிட்டது. முகர்ந்தவனுக்கெல்லாம் பசி எடுக்கிறது. ரேஷன் அரிசிக் காலத்தில் ஊர்ப் பசியைக் கிளப்பின பாவம் எனக்கு.

ஜூலை 8

கஞ்சியைக் குறைத்தேன். வாசனை போதவில்லை என்று மற்றச் சரக்குகளைக் கூட்டிக்கொண்டே போனேன். இன்னும் போதவில்லை. இன்னும் கூட்டினேன். சாயங்காலம் எதிர்வீட்டிலிருந்து ஆள் அனுப்பி, "இன்னா சாமி, எதுனா செத்துச்சா உங்க வூட்ல?" என்று கேட்கிறார்கள்.

எங்கள் தொழிலில் எவனுக்கும் வரும் வியாதி. ஒரே வாசனைக்குள் நாள் முழுக்கக் கிடந்தால் மூக்கு மரத்துவிடும். ஊரெல்லாம் மணக்கும், செய்தவனுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. நான் இத்தனை வருஷம் தொழில் செய்து இதில் விழுந்தேனே! இனிமேல் ஒரு தடவை முகர்ந்தால் வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மறுதடவை.

ஜூலை 9

சுலோச்சனாவிடம் மாட்டிக்கொண்டேன். "பூவ காப்பியடிக்க மாட்டேன்னீங்க. இப்போ துணிய காப்பியடிக்கிறீங்க. இதுல இன்னாங்க பெருமை?" என்றாள்.

கோபம்தான் வந்தது. சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவள் எடுத்து வைத்த பிறகு சாப்பிட்டேன்.

ஜூலை 14

முருகா! முருகா!

வாலைக்குள் நூலைப் போட்டுக்கொண்டிருந்தேன். சுலோச்சனா விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்ற வந்தவள், நான் குறுக்கே குனிய, முழங்கை இடித்து, புட்டியிலிருந்து சிந்தி நேரே வாலைக்குள். "போச்சு, ரேஷன் எண்ணெய்!" என்று அவள் கத்த, "போச்சு, என் சரக்கு!" என்று நான் கத்த, ஒரே ரகளை. கொட்டிவிட மனமில்லாமல் வடித்துத்தான் பார்ப்போமே என்று விட்டுவிட்டேன்.

வடித்ததை என் பழைய வேட்டியில் தெளித்துக் கொடியில் போட்டேன். கொல்லையிலிருந்து வந்த சுலோச்சனா நடுக்கூடத்தில் நின்றாள். மூக்கை நிமிர்த்தினாள். சுற்றிலும் பார்த்தாள். யார் பையில் என்ன வந்திருக்கிறது என்று தேடுகிற பார்வை. அப்புறம் மெதுவாக, முகமெல்லாம் விளக்கேற்றினாற்போல, "எனக்கா எடுத்தாந்தீங்க?" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "வேட்டி, வேட்டி, என் பழைய வேட்டி!" என்று கொடியைக் காட்டிக் குதித்தேன். அவள் முகம் அப்படியே இறங்கிற்று. அப்போதுதான் நான் செய்தது உறைத்தது. இரண்டு வருஷமாக அவளுக்குப் புதுப்புடவை இல்லை. நான் வாசனையை மட்டும் கொண்டுவந்திருக்கிறேன். பாவி நான். ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை, என்ன செய்ய? அவளே கொஞ்ச நேரம் கழித்து வேட்டியை எடுத்து இன்னொரு தடவை முகர்ந்து, என் முதுகில் ஓர் அடி வைத்துச் சிரித்துவிட்டாள்.

பஞ்சாட்சரம் கடையிலிருந்தே குரல் கொடுத்தான்: "கங்காதரன் கடைக்கு எத்தினி கெஜம் வந்துகீது?"

ஜூலை 15

ஏன் மண்ணெண்ணெய்? யோசித்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். மில் துணியின் ஓரத்தில் முத்திரை குத்துகிறார்களே, அந்த மை! இத்தனை நாள் புதுத்துணியில் நல்ல வாசனையை மட்டும் தேடினேன். கொஞ்சம் கெட்டதும் கலந்தால்தான் உயிர் வருகிறது. பூனையிடமிருந்து எடுக்கிற புனுகும் அப்படித்தானே? துளி போட்டால் தெய்வ மணம். கரண்டியால் போட்டால் பூனைக் கூண்டு. நல்லதை மட்டும் சேர்த்துக் கலக்குகிறவனுக்கு ரசனை கிடையாது. அவன் சர்க்கரைப் பொங்கலில் உப்புப் போட மறக்கிறவன்.

சுலோச்சனாவுக்கும் பதில் கிடைத்தது. இது துணியின் காப்பி இல்லை. நிஜத் துணியைக் கையில் வாங்கினால் கலர், கரை, விலை என்று மனசு போய்விடும். என் வாசனையில் அதெல்லாம் கிடையாது. காகிதத்தைப் பிரிக்கப்போகிற அந்த நிமிஷம் மட்டும் இருக்கிறது. அதை எந்த மில்லும் நெய்ததில்லை.

பெயர்: புதுசு. அவ்வளவுதான். ரோஜாவும் வேண்டாம், ராணியும் வேண்டாம்.

ஆகஸ்ட் 3

நேற்று ஆடிக் கிருத்திகை. மலை முழுக்கக் காவடி. கீழே படியோரம் கடை போட்டேன். ஒரு தட்டில் ரோஜா, இன்னொரு தட்டில் புதுசு.

"இது இன்னா பூவுங்க?"

"பூ இல்லைம்மா."

"பூ இல்லாத சென்ட்டா? அப்போ இன்னாது?"

கேட்டுவிட்டார்கள்! என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்! மத்தியானத்துக்குள் முப்பது தடவை கேட்டிருப்பார்கள். தெலுங்குக்காரர்கள் தெலுங்கில் கேட்டார்கள். எனக்கு எந்தப் பாஷையில் பதில் சொன்னேன் என்றே நினைவில்லை.

துவைத்துத் துவைத்து நிறமே போன புடவையில் ஒரு அம்மாள் வந்தாள். தோளில் கொஞ்சம் தெளித்தேன். முந்தானையை மூக்கில் வைத்தாள். உடனே அவள் நடையே மாறிப்போயிற்று. மடிப்பு கலைந்துவிடும் என்று பார்த்துப் பார்த்து அடி வைக்கிறாள்! படியேறுகிற வரைக்கும் அந்தப் பழைய புடவையைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள்.

நான் கலைஞன். இதற்குமேல் அடக்கம் காட்ட என்னால் ஆகாது.

ஆகஸ்ட் 16

யுத்தம் முடிந்துவிட்டதாம். ஸ்டேஷனில் பட்டாசு. துணி எப்போது வரும் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

செப்டம்பர் 10

கங்காதரன் தானே கடைக்கு வந்தான். பட்டுக்கரை வேட்டி, கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. புதுசை முகர்ந்தான். "இன்னா மூக்கு நைனா உனக்கு! எவ்ளோ இருக்குதோ அவ்ளோவும் எனக்குக் குடு. வேற எவனுக்கும் வோணாம்" என்றான்.

அத்தனையும்! ஜவுளிக்காரனுக்குக்கூட என் சரக்கு பிடித்திருக்கிறது! ரசனை எங்கே ஒளிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நானே ஒற்றை மாட்டு வண்டி பிடித்துப் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன்.

சுலோச்சனா மட்டும், "துணியே இல்லாத கடைக்குத் துணி வாசனை எதுக்குங்க?" என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு என்மேல் பொறாமையா? என்ன நினைப்பு இது!

அக்டோபர் 8

இன்று சிரிப்பு வரவில்லை.

கனகம்மாசத்திரம் பக்கத்திலிருந்து முனியன் என்று ஒருவர் வந்தார். கழனி வேலை செய்கிறவர். மகள் எல்லம்மாளுக்குக் கார்த்திகையில் கல்யாணம். கங்காதரன் கடையில் ஒரு புதுப்புடவை எடுத்தாராம். ஒரு தடவை நனைத்ததும் வாசனை போய்விட்டதாம்.

"எம்பொண்ணு அழுவுது சாமி. நனைச்சது எங்க தப்புதான். அந்த வாசனைய நீங்கதான் செய்றீங்களாமே? திரும்ப போட்டுக் குடுங்க" என்றார்.

புடவையை வாங்கி முகர்ந்தேன். ஐயோ, எனக்கு வேறென்ன தெரியும், இது ஒன்றுதானே தெரியும்! என் புதுசு போன இடத்தில் அடியில் இருந்ததெல்லாம் வந்துவிட்டது. யார் வீட்டு அடுப்புப் புகையோ. சீயக்காய். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்த மார்பின் புளித்த வாசனை. பல வருஷம் யாரோ ஒருத்தி உடுத்தின புடவை. வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மேலே என் கைச்சரக்கைத் தெளித்துப் புதுசு என்று விற்றிருக்கிறான் கங்காதரன்.

முனியன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏமாந்தோம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை, நனைத்துக் கெடுத்துவிட்டோம் என்று நினைக்கிறார். நான் உண்மையைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவர் புடவையை என் கையிலிருந்து வாங்கி மடிக்க ஆரம்பித்துவிட்டார். மடித்து முடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

அக்டோபர் 9

கங்காதரனிடம் போய்ச் சண்டை போட்டேன். அவன் சிரிக்கிறான்! பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற வியாபாரிகளிடமிருந்து புடவைகளை மொத்தமாக வாங்குகிறானாம்.

"நான் வித்தது துணி நைனா. அதைப் புதுசுன்னு சொன்னது உன் சென்ட்டு. நானா சொன்னேன்?"

என்ன வாய்! அதோடு விடாமல் அவன், "அதுகூட இப்போ முன்ன மாதிரி இல்லையே. வாசனை செத்துப்போச்சு. தீவாளிக்கு இன்னும் காரமா குடு" என்றான்.

கடைக்குள் அந்த வாசனை ஆளைத் தள்ளுகிறது. அவனுக்குத் தெரியவில்லை! காலை முதல் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான், மூக்கு மரத்துவிட்டது. எனக்குத் தலைக்குள் ஏதோ பளிச்சென்றது. சண்டையை அப்படியே விழுங்கிவிட்டு, "ஆங், கொஞ்சம் இறங்கித்தான் போச்சு. இருக்கிற சீசா எல்லாம் குடுத்தனுப்பு, சரி பண்ணித் தரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கால் தரையில் பாவவில்லை.

அக்டோபர் 12

யோசனை இதுதான். எந்த வாசனையும் ஒரே முகத்தோடு இருப்பதில்லை. முதலில் ஒன்று எழும்பும், அது பறந்த பிறகு அடியில் இருப்பது வரும். புதுசு முதலில் எழும்பட்டும். விடிகாலையில் அடியிலிருந்து புனுகு எழும்பட்டும். துளி இல்லை. கரண்டி!

ஆனால் — இதைச் செய்தால் புதுசு செத்தது. ஊர் மூக்கு ஒரு தடவை பட்டால் மறக்காது. இனி புதுசு என்றாலே ஓடுவார்கள். நான் செய்ததிலேயே என்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது. அதை என் கையாலேயே நாறவைக்கவேண்டுமா? செய்யாவிட்டால்? தீபாவளிக்கு இன்னும் எத்தனை முனியன்கள்?

சுலோச்சனாவிடம் எல்லாம் சொன்னேன். அழுதுவிட்டேன் என்றுகூட எழுதலாம், படிக்கப்போவது நான்தானே. அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "ஏன், இன்னொண்ணு செய்ய வராதா உங்களுக்கு?"

அக்டோபர் 20

கலக்குகிறேன், கலக்குகிறேன், சிரிப்பு தாங்கவில்லை. நான் இதுவரை செய்ததிலேயே கஷ்டமான கலவை இதுதான். புனுகு சீக்கிரம் எழும்பினால் கங்காதரனே கண்டுகொள்வான். நேரம் தவறினால் வாங்கின ஏழை வீட்டில் நாறும். கடைக்குள்ளேயே, விற்பதற்கு முன்னாலேயே எழும்பவேண்டும். வெட்டிவேர்த் தைலத்தில் புனுகைக் குழைத்து, மேலே கற்பூரத்தைக் கூட்டி, என் வேட்டி ஒவ்வொன்றிலும் தெளித்துப் பார்க்கிறேன். கட்டிக்கொள்ள ஒரு வேட்டி மிச்சமில்லை. மாமனார் தலைப்பொங்கலுக்குக் கொடுத்த பட்டுவேட்டியில் உட்கார்ந்து நாற்றம் காய்ச்சுகிறேன்.

சுலோச்சனா சாப்பாட்டைக் கொல்லைப்புறம் கிணற்றடியில் வைத்துவிட்டுப் போகிறாள். பஞ்சாட்சரம் கடையைப் பாதி சாத்தியே வைத்திருக்கிறான்.

நவம்பர் 1

சீசாக்களை இறக்கிவிட்டு வந்தேன். கங்காதரன் முகர்ந்தான். "இதான் நைனா! இதான்!" என்றான். தீபாவளி ஞாயிற்றுக்கிழமை. நாளைக் காலைதான் வியாபாரமாம், இன்று சாயங்காலமே எல்லாப் புடவைக்கும் தெளித்து அடுக்கிவிடுவானாம்.

நவம்பர் 2

இரண்டு ஆழாக்கு காப்பி குடித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். நடுவில் நடுவில் எழுந்து கூடத்தைச் சுற்றி வருகிறேன்.

காலையில் கடை திறந்தது. கங்காதரன் சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிவிட்டு உட்கார்ந்தான். அவனும் கடைச் சிப்பந்திகளும் ராத்திரி அங்கேயே படுத்தவர்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை! முதலில் நுழைந்த பெண்பிள்ளை வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அடுத்தவள் நுழையவே இல்லை. தெருநாய்கள் வரிசையாக வந்து நின்று கடையைப் பார்த்துக் குரைத்தன. கங்காதரன் எழுந்து வந்து, "வாங்கம்மா, வாங்க, புதுச் சரக்கு!" என்று கும்பிடுகிறான். கூட்டம் பின்னால் பின்னால் போகிறது. நான் பஞ்சாட்சரத்தின் தோளைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"உள்ள எலி செத்துக் கெடக்குதுய்யா!" என்று யாரோ கத்தினார்கள். "எலி இல்ல, பூனை!" என்று இன்னொருவர். நல்ல மூக்கு, அவரைத் தேடிப்பிடித்து நண்பராக்கிக்கொள்ளவேண்டும். தேடிப் பார்க்கலாம் என்று பத்துப் பேர் உள்ளே புகுந்துவிட்டார்கள். கங்காதரன் தடுக்கத் தடுக்க, அடுக்கி வைத்த புடவைகளைத் தூக்கிக்கொண்டுவந்து தெருவில் வெயிலில் உதறினார்கள். வெயிலில் எல்லாம் தெரிந்துபோயிற்று. தையல் போட்ட கிழிசல், தேய்ந்த கரை. ஒரு அம்மாள் ஒன்றைப் பிடித்து இழுத்து, "இது என் பொடவைடீ! போன மாசம் பாத்திரக்காரனுக்குப் போட்டேன், இந்தத் தையல் நான் போட்டது!" என்று கூச்சல் போட்டாள்.

அதோடு விட்டார்களா? எலி இன்னும் அகப்படவில்லையே! பின்கட்டுப் பூட்டை உடைத்தார்கள். உள்ளே மூட்டை மூட்டையாக நிஜப் புதுத்துணி. மில் முத்திரையோடு, கள்ளச் சந்தைக்காகப் பதுக்கினது. அப்புறம் தாலுகா ஆபீஸுக்கு ஆள் ஓடிற்று. அதிகாரி வந்து நின்று, கூப்பன் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் சர்க்கார் கண்ட்ரோல் விலைக்கு அங்கேயே அளந்து கொடுக்கவைத்தார். ஏமாந்து பழசை வாங்கினவர்களுக்கு மாற்றிக் கொடுக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். மல்லிகை கேட்ட அந்தக் குமாஸ்தாதான் பக்கத்தில் நின்று பெயர் எழுதினார், ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு.

முனியனுக்குப் பஞ்சாட்சரத்தின் மைத்துனன் மூலம் ஆள் விட்டிருக்கிறேன்.

நவம்பர் 5

சுலோச்சனாவுக்குத் தீபாவளிக்குப் புடவை கிடைத்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு. மாம்பழக் கலர் இல்லை, வெங்காயக் கலர். வாசலுக்கும் கொல்லைக்கும் சும்மாவே நடந்துகொண்டிருக்கிறாள்.

எனக்கு ஊர் புதுப்பெயர் வைத்துவிட்டது. பூனை சென்ட்டுக்காரன். கடை வழியாகப் போகும் பிள்ளைகள் மியாவ் என்று கத்திவிட்டு ஓடுகின்றன. புதுசு இருந்த தட்டைக் கண்டாலே பெண்கள் இரண்டடி தள்ளி நிற்கிறார்கள். மிச்சம் இருந்த நல்ல சீசாக்களைக் கொல்லையில் கொட்டிவிட்டேன். கிணற்றடி முழுக்க ஜவுளிக் கடை திறந்த மாதிரி மணந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். துக்கம்தான். இல்லை என்று எழுதினால் பொய்.

ஆனால் ஒன்று. ஊர் முழுக்க வாசனையைப் பற்றிப் பேசுகிறது! டீக்கடையில், ஸ்டேஷனில், மலைப்படியில். முதலில் எப்படி இருந்தது, எப்போது மாறிற்று, எதன் நாற்றம் அது என்று ஆளாளுக்கு வாதம். ரோஜா மாதிரியா மல்லிகை மாதிரியா என்று ஒருத்தன் கேட்கவில்லை.

நவம்பர் 9

ரோஜா. ரோஜா. நான் வாயே திறக்கவில்லை, கட்டிக் கொடுத்தேன்.

நவம்பர் 21

மத்தியானம் முனியனும் மகள் எல்லம்மாளும் வந்தார்கள். அவளை இப்போதுதான் பார்க்கிறேன். ஒல்லியாக, கண்ணை அகல விழித்துப் பார்க்கும் பெண். அடுத்த வாரம் கல்யாணம். மாற்றிக் கொடுத்த புடவையைத் துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தாள்.

பிரித்து என் முன்னால் வைத்தாள். எனக்குப் பயம், மறுபடியும் ஏமாற்றிவிட்டானோ என்று. எடுத்து முகர்ந்தேன். அசல். நூல், சாயம், மை முத்திரை எல்லாம் அசல். "சந்தேகமே வேணாம்மா, புதுப்பொடவைதான்" என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர், "நீயே சொல்லு" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "புதுசுதானுங்க. ஆனா புதுசு மாதிரி இல்லீங்க. முன்ன எடுத்தாந்தப்போ ஒரு வாசனை இருந்துச்சே... அதுல கொஞ்சம் இதுக்குப் போட்டுத் தர முடியுங்களா?"

ஊரே சிரிக்கும் அம்மா, அந்தப் பெயரைச் சொன்னாலே மூக்கைப் பிடிப்பார்கள் என்றேன். "ஊருக்கு வோணாம்னா போவட்டுங்க, எனக்கு வோணும்" என்றாள்.

அசல் புதுப்புடவை என் கையில் இருக்கிறது. அதில் இல்லாத ஏதோ ஒன்று என் சீசாவில் இருந்தது என்று ஒரு பெண் வந்து என்னிடமே சொல்கிறாள். ஒரு சொட்டு மிச்சமில்லை, எல்லாம் கொட்டியாயிற்று என்று சொல்ல வாய் வரவில்லை. நாளை மறுநாள் வரச்சொன்னேன். முனியன் புடவையைச் சுற்றிக் கட்டினார்.

வாலையைக் கழுவி அடுப்பில் ஏற்றிவிட்டேன். ஆர்.கே.பேட்டைக்கு நாளை விடிந்ததும் முதல் வண்டி. எழுத்து கோணல் மாணலாகப் போகிறது, சிரித்துக்கொண்டே எழுதினால் அப்படித்தான். சுலோச்சனா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, விறகு எடுத்துப்போட்டுவிட்டுப் போனாள்.